ஹில்டா அக்காவின் இரத்தம்

ஆக்ஸ்ஃபோர்டு,
4 பிப்ரவரி 1988

அன்புள்ள ஹில்டா அக்கா,

தம்பி நெவில்தான். கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் உதவி கேட்டு. உன் இரத்தம் வேண்டும், நான்கு குழாய்.

போன மாதம் எனக்கு ஃப்ளூ வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒருவன் தும்மினால் யாரும் சூப் கொண்டுவர மாட்டார்கள், ஊசியோடுதான் வருவார்கள். ஃப்ளூ பிடித்த செல்களைத் தேடிக் கொல்லும் செல்கள் இப்போது என் இரத்தத்தில் ஏராளம். கிருமி புகுந்த செல், அந்தக் கிருமியின் துணுக்கை ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டும். தட்டு, துணுக்கு இரண்டும் தெரிந்ததாக இருந்தால்தான் என் செல்கள் தாக்கும். தட்டுகளில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. உனக்கும் எனக்கும் எல்லாம் ஒன்றாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அப்படி இருந்தால், என் செல்களுக்குப் பதிலாக உன் செல்களில் ஃப்ளூவை ஏற்றிச் சோதிக்கலாம். என் இரத்தத்தையே எடுத்து எடுத்து வெளுத்துப்போய்விட்டேன்.

உன் தம்பி,
நெவில்

*

ஹல்,
9 பிப்ரவரி

நெவில்,

உயிரோடு இருக்கிறாயே, சந்தோஷம். அப்பாவை அடக்கம் செய்த அன்று பாதிரியாரை இருபது நிமிஷம் மழையில் நிறுத்திவைத்தேன், தம்பி வருவான் என்று. நீ போனில் என்ன சொன்னாய்? "சோதனைய நடுவுல விட முடியாதுக்கா."

பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வந்து உன் கடிதத்தைப் படித்தேன். என் வீட்டுக்காரர் ரெக் சொல்கிறார்: "மூணு வருஷமா ஒரு கிறிஸ்துமஸ் கார்டு இல்ல. இப்ப மட்டும் ரத்தபாசம் பொங்குதாக்கும்!"

அன்றைக்கு அப்படி என்னடா சோதனை? அது என்ன ஆயிற்று? உண்மையைச் சொல். பிறகு பார்க்கலாம்.

ஹில்டா

*

ஆக்ஸ்ஃபோர்டு,
15 பிப்ரவரி

அக்கா,

இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு நாள் வளர்த்த செல்கள். அன்று காலை அவற்றில் ஃப்ளூவை ஏற்றி, பிறகு கொல்லும் செல்களை ஊற்றி, நான்கு மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ண வேண்டும். எண்ணினேன். பூஜ்யம். ஒன்றுகூடச் சாகவில்லை. திரும்பிப் பார்த்தால் கிருமிக் குப்பி மூடி திறக்காமல் ஐஸ் வாளியில் கிடக்கிறது! அழுதுகொண்டே வேலை பார்த்ததில் ஃப்ளூவைப் போடவே மறந்திருக்கிறேன். நோயில்லாத செல்லை என் செல்கள் ஏன் தொடும்?

ஒன்றுமில்லாத சோதனைக்காக அப்பாவை விட்டுவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் உனக்கு எழுதவில்லை. மன்னித்துவிடு அக்கா.

நெவில்

*

ஹல்,
22 பிப்ரவரி

அட மடப்பயலே,

முதலில் அழுதேன். பிறகு ரெக்குக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். விருந்தாளிகளுக்குத் தேயிலை போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றிக் கொடுத்தவர்தானே நம் அப்பா? அச்சு அசல் அவர் பிள்ளைதான் நீ!

இரத்தத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை முதல் ரயிலில் நானே வருகிறேன். நீயே குத்து. வலித்தால் அறை விழும். கோபம் பாதிதான் போயிருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

ஹில்டா

*

ஆக்ஸ்ஃபோர்டு,
10 மார்ச்

அன்புள்ள அக்கா,

கை வீக்கம் வடிந்ததா? முடிவு வந்துவிட்டது. இந்தத் தடவை கிருமியை மூன்று முறை பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

ஃப்ளூ ஏற்றிய என் செல்கள் மளமளவென்று செத்தன. ஃப்ளூ ஏற்றிய உன் செல்கள்? அசையவே இல்லை! என் செல்கள் உன்னை யாரோ என்று விட்டுவிட்டன. அப்பாவிடமிருந்து எனக்கு எந்தப் பாதி வந்ததோ, உனக்கு மறுபாதி. அம்மாவிடமும் அதே கதை. ஒரு தட்டுகூட ஒத்துப்போகவில்லை. அதற்கும் நாலில் ஒரு வாய்ப்புதான், நமக்கென்று வந்து வாய்த்திருக்கிறது. எங்கள் பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார்: "உங்கக்கா ரொம்ப நல்லவங்க நெவில், ஆனா நமக்கு உதவ மாட்டாங்க."

ஆக, உன் இரத்தம் எனக்கு இனித் தேவையில்லை. உன்னிடம் இப்போது எனக்கு எந்த வேலையும் இல்லை. அதனால் தைரியமாகக் கேட்கிறேன், ஈஸ்டருக்கு ஹல்லுக்கு வரட்டுமா? நான்கு நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். எந்தச் செல்லையும் வளர்க்கப் போடவில்லை.

வந்ததும் என்னை அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போ அக்கா. அது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் தம்பி,
நெவில்