சோள மூட்டைக்குள் வைத்த உப்பு

என் வெள்ளச்சிக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டால் நீ திரும்பமாட்டாய். வெள்ளச்சி என்றால்தான் திரும்புவாய். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வாசிக்கட்டும், நடந்ததை எழுதிக் கொடுங்க என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தப் பிள்ளைகளுக்கு என்று உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. உனக்கு என்றால் வருகிறது. அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

நம் அப்பாவிலிருந்து சொல்கிறேன். கிட்னி போய், கால் வீங்கி, செந்துறையில் பஸ் ஏற்றி வாரம் இரண்டு தடவை அரியலூருக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிப்போனோமே. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது, கேட்கவே இல்லை. அவர் போன அன்றைக்கு என் மனசில் ஒன்று விழுந்துவிட்டது. நம் வீட்டு ஆட்களை உப்புதான் தின்கிறது.

பிறகு நீ. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் என்னோடு வந்து இருந்தாய். பருத்தி எடுக்கப் போனால் பாதியில் உட்கார்ந்துவிடுவாய். எழுந்தால் கண் இருட்டும். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அந்த வெள்ளைத் தோல் கறுத்தது, உள்ளங்கை ரேகைகூட. காட்டில் உன்னோடு வேலை செய்தவர்கள், "ஏன்டி வெள்ளச்சி, சட்டிக்கரியப் பூசிக்கிட்டியா?" என்று கேலி பண்ணினார்கள். வெள்ளையாக இருந்து என்னத்தைக் கண்டேன் என்று நீயும் சிரித்தாய். வெயில் என்று நினைத்தோம். வெயில் வாய்க்குள் போய் ஈறைக் கறுப்பாக்குமா? அப்போது அதை யார் யோசித்தது?

ஒருநாள் நீ அடுப்படியில் குந்தி, கல் உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாய். மாங்காய் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் உப்பு. எனக்கு அப்பா முகம்தான் தெரிந்தது. டப்பாவைப் பிடுங்கினேன்.

"அப்பாவ வாரிக் குடுத்தது பத்தலையாடி?"

"நானா கேக்கலக்கா. உள்ளேர்ந்து கேக்குது."

அன்றைக்கே உப்பு டப்பாவை மாட்டுக்கு வாங்கி வைத்த மக்காச்சோளத் தவிட்டு மூட்டைக்குள் புதைத்தேன். உனக்குத் தனியாக உப்பில்லாச் சோறு பிசைந்தேன். ஒரு வார்த்தை மறுக்காமல் தின்றாய். ஊர் நர்ஸம்மா பிரஷர் பார்த்துவிட்டு, ரொம்பக் குறைவாக இருக்கிறது, மோரில் உப்புப் போட்டுக் குடி, பெரிய ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டு என்று சொன்னதாக வந்து சொன்னாய். உப்புக்காகப் பொய் சொல்கிறாய் என்று திட்டினேன்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சலும் வாந்தியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கண் திறக்காமல் கிடந்தாய். படிக்கிற பொண்ணு ஒன்று, நோட்டோடு வந்து, என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டது. பெருமையாகத்தான் சொன்னேன், வெள்ளச்சி.

"உப்பே காட்டறதில்ல பாப்பா. இவ திருடித் தின்பா, அதான் ஒளிச்சு வச்சிட்டேன்."

அது எழுதுவதை நிறுத்திவிட்டது. உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தது. டாக்டரம்மாவிடம் ஓடியது. உடனே ஊசி போட்டார்கள். எந்த உப்பை நான் ஒளித்தேனோ அதையே தண்ணீரில் கலந்து பாட்டில் பாட்டிலாக உன் நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானத்தோடு முடிந்துவிட்டது.

டாக்டரம்மா பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினார். உன் கிட்னி நல்ல கிட்னிதானாம். அதன் தலையில் குல்லா மாதிரி அட்ரினல் என்று ஒரு சுரப்பி. அது வற்றிப்போனால் உடம்பில் இருக்கிற உப்பெல்லாம் மூத்திரத்தில் போய்விடுமாம், தோல் கறுக்குமாம். உனக்குச் சின்ன வயசில் வந்த டிபி அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம் என்றார். தினம் மாத்திரை போட்டிருந்தால் இருந்திருப்பாயாம். உப்பு மட்டும் காப்பாற்றியிருக்காது, பழிய உங்க மேல போட்டுக்காதீங்க என்றார். நல்ல மனுஷி. ஆனால் உனக்குச் சோறு பிசைந்தது அவர் கை இல்லையே.

இப்போதெல்லாம் உலையில் உப்புப் போடப் போனால் முதுகுக்குப் பின்னால் நீ குந்தியிருக்கிறாய். திரும்பினால் இல்லை. குழம்பை வாயில் வைத்தால் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை.

போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் துணி மூட்டையைப் பிரித்தேன். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் ஏழெட்டுக் கல் உப்பு, கசிந்து ஈரமாக. அதில் ஒட்டிக்கொண்டு சோளத் தவிடு.

உப்பு டப்பாவைத் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டேன். இனி அதற்கு மூடி கிடையாது. அந்தப் பிள்ளைகள் எப்போது கூப்பிட்டாலும் பஸ் ஏறிப் போய், கறுத்துப்போய் வருகிறவர்களிடம் உடம்பு உப்பு கேட்கிறதா என்று விசாரியுங்கள் என்று என் வாயாலேயே சொல்வேன். உன் தலைமேல் ஆணை.

நீ ஒன்றே ஒன்று சொல். ஒளித்து வைத்த இடம் உனக்குத் தெரிந்திருக்கிறது. டப்பா நிறைய உப்பு இருந்தது, நான் காட்டுக்குப் போனால் வீட்டில் நீ மட்டும்தான். அப்புறம் ஏன்டி ஏழெட்டுக் கல்லோடு நிறுத்திக்கொண்டாய்?

உனக்கு உப்பில்லாமல் சோறு பிசைந்த
அக்கா