யாரும் கை வைக்காத சஹன்

அன்பு மகன் இனாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் சுகத்துக்கு எந்நேரமும் துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதனால்தான் நாளைக்குக் கத்தார் திரும்புகிற தோமஸின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருவாடு இருக்கிறது, அறைக்குள் பொரிக்காதே, மற்றவர்கள் ஏசுவார்கள்.

உன் தம்பி றிப்னாஸ் ஐஸ் போதைப் பழக்கத்தை விடப் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போக ஓம் என்றிருந்தான் அல்லவா, அதைக் கெடுத்துவிட்டார்கள் மகன். அவனுக்கு ஆலோசனை சொல்வது யார் என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரே சண்டை. ஒருவர் ஃபஸ்லான், கொழும்பில் படித்துச் சான்றிதழ் எடுத்தவர், சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லையாம். மற்றவர் நம்மூர் அத்தாஉல்லா, போதைத் தூளில் விழுந்து எழும்பி, ஏழு வருடமாகச் சுத்தமாக இருந்து, அதே நிலையத்தில் வேலை செய்கிறவர். பாவிக்காதவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு கட்சி, பாவித்தவன் எப்படிப் புத்தி சொல்லலாம் என்று மறு கட்சி. வாப்பா இரண்டாவது கட்சி, நீயும் போனில் அதையே சொன்னாய். ஆனால் ஆலோசகர் இருவருக்குள்ளும் ஒரு சண்டையும் இல்லை. கை ஏன் நடுங்குகிறது என்று ஃபஸ்லான் விளக்கினார், நடுங்கும்போது எப்படிப் பொறுப்பது என்று அத்தாஉல்லா சொன்னார், என் பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டான்.

போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் போதை ஒழிப்புக் கூட்டம் வைத்தார்கள். அத்தாஉல்லாவை மைக் முன்னால் நிறுத்தி, பெற்ற தாயின் காப்பைத் திருடி விற்றது வரைக்கும் சொல்ல வைத்தார்கள். எல்லாரும் தக்பீர் முழங்கினார்களாம், சிலர் அழுதார்களாம். பிறகு சாப்பாடு, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட ஒரு சஹன். அத்தாஉல்லா உட்கார்ந்ததும் அந்தச் சஹனில் ஒருவர் கை கழுவ எழும்பினார், ஒருவருக்குப் போன் வந்தது, ஒருவர் மச்சானைக் கண்டாராம். கடைசியாக எழும்பியது உன் வாப்பா. சீ! ஒரு மனிதனின் அழுக்கையெல்லாம் மைக்கில் கொட்ட வைத்துக் கேட்டு ரசித்துவிட்டு, அவனோடு ஒரு பிடி சோறு தின்னக் கூசுகிறார்களே, இவர்களுக்கு என்ன தொழுகை? பள்ளித் தலைவரின் சஹனில் இருந்த ஃபஸ்லான் மட்டும் எழும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.

இவ்வளவும் சொன்னது றிப்னாஸ். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "உம்மா, ஏழு வருஷம் சுத்தமா இருந்தவருக்கே இதுதானெண்டா, நான் என்னத்துக்கு சுகமாகணும்? நான் போகமாட்டன்" என்றான். திங்கட்கிழமை அவனைக் கூட்டிப்போக நிலையத்து வேன் வரும். அதற்கு முதல் நாள் வீட்டில் சஹன் வைக்கிறேன், ஆலோசகர் இருவரையும் கூப்பிட்டாயிற்று. அதில் கை வைக்காவிட்டால் இனி என் கையால் சோறில்லை என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குத் தொழு, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்வானாக. திங்கட்கிழமைக்கு முன் தம்பிக்கு நீயே போன் எடு, புத்தி சொல்லாதே, அடுத்த லீவில் ஒரே சஹனில் சாப்பிடுவோம் என்று மட்டும் சொல்லு. போன லீவில் வயிற்றுவலி என்று தனிப் பீங்கானில் சோறு கேட்டாயே, அவன் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் உனக்கு வலித்தது. அது அவனுக்கும் தெரியும்.

உன் உம்மா,
ஜுனைதா
கற்பிட்டி