சுண்ணாம்பு அடித்த வளைவு

செப்டம்பர் 3, திங்கள்
மழை விட்டிருக்கிறது. துணி காய்ந்தது, அதிசயம். தேயிலைக் கொழுந்து குறைவு.

கங்காணி சாமுவேல் அண்ணன் வந்து சொன்னார். வியாழக்கிழமை ரோட்டு ஆபீசர் வருகிறாராம். பஸ் போகும் வழியில் மோசமான வளைவுகளுக்குச் சுவர் கட்ட சர்க்கார் பணம் ஒதுக்கியிருக்கிறது. எல்லா வளைவுக்கும் காணாது. எதற்கு என்று அவர் பார்த்து எழுதுவார்.

நம் வளைவும் வர வேண்டும், மாதாவே. போன வருஷம் என் மகள் மேரியின் அப்பா போன பஸ் அங்கேதான் கவிழ்ந்தது; அவர் திரும்பவில்லை. அதே வழி பஸ்ஸில்தான் மேரி பள்ளிக்கூடம் போகிறாள். அவள் திரும்பும்வரை என் காது ரோட்டில்.

செப்டம்பர் 5, புதன்
வேலை முடிந்து வளைவில் எல்லாரும். தோட்டத்துக்குத் துரை வந்தால் வழிக்கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். ஆபீசருக்கும் அதே மரியாதை. செடி வெட்டி, ஓரத்தில் சும்மா உருட்டி வைத்திருந்த கற்களை வரிசையாக்கி வெள்ளை அடித்தோம். பளிச்சென்று இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மூக்கெல்லாம் சுண்ணாம்பு. "ஏட்டி ஞானம், கல்யாண வீடு மாதிரி இருக்குல்லா. மாப்பிள்ளைதான் பாக்கி."

"மாப்பிள்ளை ஜீப்பில வருவாரு. நீ மூஞ்சியத் துடை."

வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்த இடத்தில் நின்று சிரித்தேனே என்று வீட்டில் கொஞ்சம் அழுகை. பிறகு ரசம்.

செப்டம்பர் 6, வியாழன்
மூடுபனி. ஜீப் வந்தது. ஆபீசர் மலையாளி, தமிழ் பேசுகிறார்.

"இவிடம் நல்லா இருக்கே. கல்லெல்லாம் வரிசையா வெச்சிருக்கு. சுவர் அடுத்த வளைவுக்குப் போதும்." பேனாவைத் திறந்தார்.

கங்காணி கைகட்டிச் சிரித்தபடி, பாராட்டு என்று நினைத்து.

கீழே எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை, மாடு இல்லை. இருப்பதிலேயே வெள்ளையான கல்லைக் காலால் ஒரு தள்ளு. விழுந்த சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

ஆபீசர் பின்னால் நகர்ந்தார். "எந்தா இது?"

"சும்மா வச்ச கல்லு சார். நான் தள்ளியே போவுது. பஸ்ஸு இடிச்சா?"

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் அப்படித்தான் சார். இன்னொண்ணு தள்ளட்டுமா?"

"வேண்டா, வேண்டா."

செல்லக்கிளி பின்னாலிருந்து, "என் கல்லத் தள்ளிராதட்டி. ரெண்டு பூச்சு அடிச்சிருக்கேன்." ஆபீசருக்கே சிரிப்பு. பிறகு அவரே ஒரு கல்லைக் காலால் அசைத்தார். அசைந்தது. மேரியின் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். ஏதோ எழுதினார். மலையாளம், தெரியவில்லை.

கங்காணி: "கோவத்துல என்னையும் தள்ளிராத தாயி."

அக்டோபர் 22, திங்கள்
மத்தியானம் இடி. லாரியில் கருங்கல், நம் வளைவில். அதே ஆபீசர் வந்து, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய குழியில் கம்பு விட்டுப் பார்த்து, ஆழம் போதாது, மறுபடி தோண்டு என்கிறார். காண்டிராக்ட்காரர் முகம் சுட்ட கத்தரிக்காய் போல. எனக்கு ஒரே சந்தோஷம். கொத்தனார்களுக்குக் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தேன்.

நவம்பர் 17, சனி
நல்ல வெயில். சுவர் முடிந்தது, என் இடுப்பு உயரம். மேரியோடு பஸ்ஸில் சந்தைக்கு. அவர் போன பிறகு இன்றுதான் பஸ் ஏறுகிறேன். "நீ உள்பக்கம் உக்காரும்மா" என்றாள். பள்ளத்துப் பக்க ஜன்னலை நானே பிடித்தேன். வளைவு. கண்ணை மூடவில்லை. சுவர், சுவருக்கு அப்பால் மலை மலையாகத் தேயிலை. பார்த்துக்கொண்டே வந்தேன், டீக்கடை தாண்டி, மாதா கோவில் தாண்டி.

மேரி சொன்னாள், "எம்மா, வளைவு எப்பவோ போயிட்டு. இனி என் கைய விடு."