நீங்கள் கவிழ்த்துவிட்ட மழை

அப்பா,

இன்று காலை சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா வந்தார். நீங்கள் பயந்துகொண்டிருந்த அந்த மனிதர் அல்ல. இவர் சின்ன வயதுக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. டெங்குக் கொசுவைத் தேடி வீடு வீடாகப் போகிறார். என் வாடகை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார், பூச்சட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பின் மதிலில் நான் கட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் போத்தலைக் கழற்றிக் கையில் எடுத்தார். அதில் ஒரு விரல் அளவு மழைத்தண்ணீர் நின்றது.

“இது என்ன மிஸ்? இதுல கொசு முட்ட வைக்குமே. கவுத்துருங்க.”

கவுத்துருங்க. அவர் கையில் போத்தலோடு நிற்க, நான் உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அன்பாக நினைத்தேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

உங்கள் நாக்கு தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி மாதிரி. நம் லயத்து வீட்டு வரிசையில் அதில் வெட்டுப்படாதவர் யாருமில்லை. முதன்முறை நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் அந்தக் கடைசி பஸ் நிறுத்தத்திலேயே எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள், “எம் மக டாக்டரு. மனுசனுக்கு இல்ல, ஐஸ் கட்டிக்கு.” பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நீங்கள் அதைச் சொல்லிக்கொண்டே என் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் படியேறினீர்கள்.

அன்று சாயந்தரம் வாசலில் உட்கார்ந்து என் வேலையை உங்களுக்கு விளக்கினேன். தென் துருவத்தில் விழும் பனி கரைவதில்லை. ஒரு வருடத்துப் பனிமேல் அடுத்த வருடத்துப் பனி, அதன்மேல் இன்னொன்று என்று விழுந்து, அமுங்கி, ஐஸாக இறுகிவிடுகிறது. அதை மேலிருந்து துளைத்து நீளத் தண்டு தண்டாக வெளியே எடுப்போம். ஆழமாகப் போகப் போகப் பழைய காலம். கனத்த தண்ணீர், லேசான தண்ணீர் என்று தண்ணீரிலேயே இரண்டு வகை உண்டு. கடுங்குளிர் காலத்துப் பனியில் கனத்தது குறைந்திருக்கும். அதை அளந்தால் அன்றைக்கு எவ்வளவு குளிர் என்று தெரியும். ஐஸுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கும், அவற்றில் மனிதனே இல்லாத காலத்துக் காற்றும் அடைபட்டுக் கிடக்கும் என்றேன்.

கொட்டைப்பாக்கை மென்றுகொண்டே கேட்டீர்கள். பிறகு கேட்டீர்கள் பாருங்கள் ஒரு கேள்வி:

“அந்தக் காத்த எடுத்து என்னா, சைக்கிளுக்கு அடிக்கப் போறியா?”

அம்மா உயிரோடு இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பாள். நான்தான் சிரித்துத் தொலைத்தேன்.

ஆனால் அந்த விடுமுறையில் நான் சிரிக்க வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பதுளைக்கு வந்துவிடுங்கள், வீடு பார்க்கிறேன் என்றேன். அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. “ஒங்கம்மா செத்த வீடு இது. மல வந்து கூப்புட்டா போறேன்” என்றீர்கள். கடைசியில் போகிற அன்று ஒரே ஒரு வாக்கு வாங்கினேன். சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, புனல் மாதிரி தலைகீழாகச் செருகி, வாசல் கம்பியில் கட்டினேன். சிவப்பு நகப்பூச்சால் அதில் ஒரு கோடு போட்டேன்.

“காலையில ஒரு தடவ பாத்துட்டுக் கொட்டுங்க. அதுக்கு இடையில தொடவே கூடாது. தண்ணி இந்தக் கோட்டத் தாண்டினா கோயில் மண்டபத்துக்குப் போயிறணும்.”

“கோட்டத் தாண்டினா போயிருறேன். தாண்டலன்னா ஒரு அடி நகர மாட்டேன். பேச்சு பேச்சா இருக்கணும்” என்றீர்கள்.

இருந்தது அப்பா. உங்கள் பேச்சில் நீங்கள் இருந்தீர்கள்.

திரும்பிப் போன பிறகு தினமும் சாயந்தரம் போன் எடுத்தேன். அங்கே எனக்குக் குளிரறையில் வேலை. உறைபெட்டிக்குள்ளேயே நின்று வேலை செய்வது மாதிரி. வாளால் ஐஸ் தண்டை அறுத்து, கைபட்ட வெளிப்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, யாரும் தொடாத நடுப்பகுதியை மட்டும் அளக்க எடுப்போம். கைபட்டதை நம்பக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாருக்கும் உங்கள் கையைத் தெரியாது.

அன்றைக்கும் கேட்டேன்.

“மழ எப்புடிப்பா?”

“கொட்டுது. வாசல்ல நிக்க ஏலாது.”

“போத்தல்?”

“பாதிகூட இல்ல.”

“அப்பப் பரவால்ல. படுங்கப்பா.”

கொட்டுது என்று உங்கள் வாய் சொன்னதை விட்டுவிட்டு, போத்தல் சொன்னதை நம்பினேன். என்னைப் படிக்க வைத்தது அதற்குத்தானே. விடியும்போது மலை வந்து கூப்பிட்டது.

நான் வந்து சேர்ந்தபோது பெக்கோ இயந்திரம் தோண்டிக்கொண்டிருந்தது. என் ஐஸில் மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. அந்த ஒழுங்கு மாறாது. இந்த மண்ணில் எந்த ஒழுங்கும் இல்லை. அம்மாவின் கல்யாணக் குடம் மேலே வந்தது, அதற்கு முந்தின மாதம் நான் அனுப்பிய போன் அதற்குக் கீழே கிடந்தது, நீங்கள் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தீர்கள். என் காதில் விழட்டும் என்றே ஒரு பெண் சொன்னாள், “ஐஸப் படிச்ச புள்ளைக்கு பெத்தவன் வீட்டு மலயப் படிக்கத் தெரியலயே.” நீங்கள் இருந்திருந்தால் அதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருப்பீர்கள்.

மற்றதைக் கோயில் மண்டபத்தில் அடுத்த வீட்டு லெச்சுமி அக்கா சொன்னாள். மழை பலத்ததும் தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடித் தப்பியவள் அவள்.

“அன்னைக்கு பி.எச்.ஐ. வர்றாருன்னு காலையில பேரு கூப்புடுற பெரட்டுல சொன்னாங்கம்மா. முன்ன ஒரு தடவ ஒங்க வீட்டுப் பின்னால செரட்டையில புழு இருக்குன்னு அந்த ஐயா எல்லாரு முன்னாலயும் ஏசிட்டாரு இல்ல? அதுல இருந்து அப்பாவுக்கு ஒரே ரோசம். நாளுக்கு நாலு வாட்டி எல்லாத்தயும் கவுத்துப் போடுவாரு. அன்னைக்கு மத்தியானம் நீ கட்டின போத்தலயும் தண்ணியோட கழட்டிக் கவுத்தாரு. ‘ஐயோ, பாப்பா தொட வேணாம்னுச்சே’ன்னேன். ‘எம் மக கட்டின சாமான்ல புழு இருக்குன்னு ஊரு பேசணுமா’ன்னாரு.”

எப்படிக் கவிழ்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாளியோ, சிரட்டையோ, டம்ளரோ, எதைக் கவிழ்த்தாலும் அதன் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள், ஒரு சொட்டும் தங்கக் கூடாது என்று. அப்படித் தட்டிவிட்டு அதே கம்பியில் திரும்பக் கட்டியிருப்பீர்கள். சாயந்தரம் நான் கேட்டபோது உள்ளதைத்தான் சொன்னீர்கள். பாதிகூட இல்லை. என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று உங்களைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு அந்த வேலைக்கு என்னால் திரும்பிப் போக முடியவில்லை. போய்ப் பார்த்தேன். ஐஸைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. லட்சக்கணக்கான வருடங்கள் விழுந்ததெல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. ஊர் என்ன பேசும் என்று கவலைப்படுகிற ஒரு மனுசன் அங்கே இல்லை, அதனால்தான் இருக்கிறது. என் பெயரில் புழு வரக் கூடாது என்று நினைக்க யாருமே இல்லாத இடம் அது. இப்போது பதுளையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். மதிலில் போத்தல் கட்டியிருக்கிறேன். மழையை யாருக்காக அளக்கிறேன் என்று கேட்காதீர்கள். உங்களை மன்னித்துவிட்டேனா என்றும் கேட்காதீர்கள். இல்லை.

பி.எச்.ஐ. ஐயா போத்தலைச் சரிக்கப் போனார்.

“குடுங்க, நானே கொட்டுறேன்” என்று வாங்கினேன். அளவைப் பார்த்துக்கொண்டேன். கவிழ்த்தேன். நான் நினைக்கவே இல்லை அப்பா, என் கை தானாகப் போய் அடியில் இரண்டு தட்டுத் தட்டியது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

அவருக்குப் பெரிய சந்தோஷம். “இப்புடித்தான் மிஸ் கவுத்தணும். எல்லாரும் சும்மா சரிச்சுட்டுப் போயிருறாங்க. யாரு பழக்கினது?”

“எங்கப்பா” என்றேன்.

“நல்லாப் பழக்கியிருக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.