நம் வீட்டுக் கணக்கில் மூன்றாவது ஆள்

மில்புரூக், மாசசூசெட்ஸ்
1790, அக்டோபர் 20

அன்புள்ள ஆசகேலுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அதனால் அதையும் நல்ல செய்தியாகவே வைத்துக்கொள். ஒஹையோ ஆற்றங்கரையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காலில் ஈரம் படாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் தங்கை கேத்தூராள் நூல் நூற்க உட்கார்ந்து பாதி நேரம் ஜன்னலையே பார்க்கிறாள், கேட்டால் வெளிச்சம் போதவில்லையாம். தம்பி ஆமோஸ் உன்னைவிட அரை விரற்கடை வளர்ந்துவிட்டான், பூசணியெல்லாம் பரணில் ஏறிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக ஊரெல்லாம் உன் பெயர்தான். நீ ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான். புது அரசாங்கம் வந்ததே, அது நம்மையெல்லாம் தலை எண்ணப் புறப்பட்டிருக்கிறது, எத்தனை தலையோ அதற்கேற்றபடிதான் காங்கிரஸ் சபையில் இடமாம். ஆகஸ்டில் பிளின்ட் என்று ஒருவர் குதிரையில் வந்தார், மைக்கூடும் கோடு போட்ட தாளுமாக. வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும்தான் எழுதுகிறார், மற்றவர்கள் வெறும் எண். ஆண்களுக்குப் பதினாறு வயசுக்கு மேல், கீழ் என்று இரண்டு கட்டம், பெண்களுக்குத் தொட்டில் பிள்ளையானாலும் பல் போன கிழவியானாலும் ஒரே கட்டம். இருபத்தாறு வருஷமாக இந்த அடுப்போடு மல்லுக்கட்டுகிறேன், என் பெயரைக் காணோம். இதற்கா இங்கிலாந்து ராஜாவோடு எட்டு வருஷம் சண்டை போட்டீர்கள் என்று கேட்டேன், அவர் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார்.

முதலில் எனக்கு இதில் இஷ்டமே இல்லை, தாவீது ராஜா ஜனத்தை எண்ணப்போய்க் கொள்ளைநோய் வந்த கதை தெரியாதா. ஆனால் ஒஹையோப் பக்கம் இன்னும் மாநிலமாகவில்லை, அங்கே எண்ண யாரும் போகமாட்டார்கள் என்று பிளின்ட் சொன்னதும் என் எண்ணம் மாறிவிட்டது. நாடே தன் பிள்ளைகளை எண்ணுகிறபோது என் மூத்த மகன் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லையா? கொஞ்ச நாள் வெளியே போனவங்களை அவங்க வழக்கமா இருக்கிற வீட்டோட சேர்த்துக்கலாம், உங்க பையன் திரும்பி வருவானாம்மா என்று கேட்டார். வராம என்ன, மார்ச்சில மேப்பிள் மரத்துச் சர்க்கரை காய்ச்ச வந்துடுவான் என்று அடித்துச் சொன்னேன். உன் அப்பா தொண்டையைக் கனைத்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, சபைக்கு டீக்கனாயிற்றே, மாடு விற்கப் போனாலும் அதன் குறையை முதலில் சொல்கிற மனுஷர். அவன் அங்கே வீடே கட்டிட்டான், மெகேதபேல், என்றார். ஏன், கட்டின வீட்டைப் பூட்டிட்டு வர முடியாதா என்றேன். அப்பா, ஆமோஸ், நீ என்று பதினாறுக்கு மேற்பட்ட ஆண்கள் கட்டத்தில் பிளின்ட் மூன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு போகவில்லை. தப்பு இருந்தால் யாரும் சொல்லலாம் என்று அந்தத் தாளின் நகலைச் சத்திரத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், அதுதான் சட்டமாம். ஊரைச் சிரிக்கவைக்கக் கொல்லன் ஏனோஸ் ஒருவன் போதாதா? டீக்கன் வீட்டுல மூணு ஆம்பளையாம், மூணாமவன் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவானோ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. இருபது ஆப்பிள் கன்று நட்டிருக்கிறேன் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். கன்று மரமாகிக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவும் படித்தார், மடித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழுதேன், மறைப்பானேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வாங்க, தப்பைத் திருத்திட்டு வந்துடலாம் என்று நானே கிளம்பினேன்.

சத்திரத்தில் பிளின்ட் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்ன டீக்கன், மூணாமவனைக் கூட்டிட்டு வரலையா என்றான் ஏனோஸ். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முன்னால் போய் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். உன் கடிதம் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. இதுல தப்பு ஒண்ணும் இல்லை, எங்க பையன் வெளியூர் போயிருக்கான், அவ்வளவுதான், மார்ச்சில வருவான் என்றார். அவரே சொன்ன பிறகு யார் பேசுவது? ஏனோஸ் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டான்.  திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணமான புதிதில் பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

கன்றுகளைப் பிடுங்கிப்போட்டு வா என்று சொல்லமாட்டேன். நட்ட இடத்தில் அவை வளரட்டும், நீயும் வளர். முயல் கடிக்காமல் அடியில் வைக்கோல் சுற்றிவை. கேத்தூராள் பின்னிய காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது, அலமாரியில் வைக்காமல் காலில் போடு. கர்த்தர் உன்னையும் உன் கூரையையும் காத்து, அந்த வீட்டைப் பிள்ளைகுட்டிகளால் நிறைக்கட்டும். அடுத்த கணக்கு எடுக்கும்போது எண்ண வருகிறவருக்குக் கை வலிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஐம்பத்திரண்டு வயசில் உன் அப்பா சொன்ன முதல் பொய் இது, அதையும் ஊரறியச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் தங்கினாலும் போதும், மார்ச்சில் வந்து அதை உண்மையாக்கிவிடு.

இப்படிக்கு உன் அம்மா,
கணக்கில் பெயர் இல்லாத மெகேதபேல்