பவளத்தின் மேல் தூவிய காசு

அன்பு மகள் ஐஜமாலுக்கு, அப்பா ஓஷுர்பாய் நாரினிலிருந்து எழுதுவது. இங்கே மனிதரும் கால்நடையும் நலம். அம்மா நலம், பசு நலம், ஏழு ஆடும் நலம், கண்ணாடித் தொட்டியில் மீன் இரண்டும் நலம். கொரியாவில், பூசானில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போன படத்தில் கடல் காற்றில் தலையை மூடாமல் நிற்கிறாய், மூடிக்கொண்டு போ. இது நானே என் கையால் எழுதுவது, பக்கத்தில் யாரும் இல்லை. பாமிர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது உன்னைப் பள்ளியில் சேர்த்தார்கள், என்னை யாரும் சேர்க்கவில்லை, அதனால் அறுபத்தெட்டு வயதில் நானே சேர்ந்துகொண்டேன். இதுவரை எழுதியதற்கே ஒரு குவளைத் தேநீர் ஆறிவிட்டது. போனில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா காது கொடுத்துக் கேட்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. இப்போது சொல்லப்போவது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

ஜனவரியில் நீ கடல் மீன் வளர்க்கவென்று தொட்டியை வைத்து, ஹீட்டரும் மோட்டாரும் பொருத்தி, பாறைகளை அடுக்கிவிட்டு, ஆறு வாரத்துக்கு உள்ளே ஒரு உயிரையும் விடாதீங்க அப்பா என்று சொல்லி விமானம் ஏறினாய் அல்லவா. அந்த ஆறு வாரமும் எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. பக்கத்து வீட்டு மம்பெத் தினமும் வந்து எட்டிப் பார்ப்பான், என்ன ஓஷுர்பாய், தண்ணிக்குக் குளிருதுன்னு சூடு காட்டுறியா, கல்லு எப்ப குட்டி போடும், எனக்கு ஒண்ணு எடுத்து வை என்பான். எனக்குக் கோபமே வரவில்லை. புல் வேர் பிடிப்பதற்கு முன்னால் மந்தையை விட்டவன் அடுத்த வருடம் மண்ணைத்தான் மேய்க்க வேண்டும், அதுபோலக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஊன்ற வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு அப்போதே பிடிபட்டது. உப்பு விஷயம்தான் பிடிபடவில்லை. ஆடு நக்கும் கொச்கோர் கல்லுப்பை இடித்துப் போட்டால் என்ன என்று கேட்டேன், நீ, அப்பா, அது ஆட்டுக்கு, இது கடலுக்கு என்றாய். சரி, நான் கடலையே பார்க்காதவன், இப்போது வாரம் ஒரு வாளி கடல் கலக்குகிறேன், யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் மாதம் பிஷ்கெக் பஸ்ஸில் மீன் இரண்டும் இறால் ஒன்றும் உயிருள்ள பவளம் ஒன்றும் வந்து சேர்ந்தன. பவளம் என் கட்டைவிரல் அளவுதான், ஆனால் விளக்கைப் போட்டதும் விரல் விரலாக நீட்டி ஆடியதைப் பார்த்து உன் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீ போனதிலிருந்து அவள் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள், அன்று மீனுக்குப் பெயர் வைத்தாள், இறாலோடு வாதாடினாள். வீட்டுக்கு மருமகள் வந்த மாதிரி இருக்கு, சும்மா எப்படிக் காட்டுறது என்று தொட்டிக்கு முன்னால் திரை கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை விருந்து. வந்தவர்கள் எல்லோரும் புதுப்பெண்ணின் முகம் பார்க்கக் கொடுக்கும் பரிசைக் கொடுத்த பிறகுதான் திரையைத் தூக்கினாள். மம்பெத் ஒரு ஆட்டுத் தோல் கொடுத்தான், மருமக கொஞ்சம் ஈரமா இருக்காளே என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் உன் அம்மா கிண்ணத்தை எடுத்து, மணப்பெண் தலையில் தூவுகிற மாதிரி மிட்டாயும் மஞ்சள் சில்லறைக் காசுமாக ஒரே வீச்சில் தூவிவிட்டாள். தொட்டிக்கு மூடி போட்டிருக்கவில்லை. தடுத்திருக்க வேண்டியவன் நான், நானும் கைதட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்தேன். மிட்டாயைக் கரண்டியால் அள்ளினேன். கண்ணாடி துடைக்க நீ வைத்துப்போன காந்தத்தைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டேன், மஞ்சளாக இருந்தாலும் உள்ளே இரும்புதான், காசெல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் இறால் செத்து மல்லாந்து கிடந்தது, பவளம் விரலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு காய்ந்த பழத்தோல் மாதிரி சுருங்கிவிட்டது. உன் அம்மா அழவில்லை, யாருடைய கண் பட்டது என்று யோசித்தாள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும், வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா புருல்சா விருந்தன்று, அடேயப்பா என்ன அழகு, கண்ண எடுக்க முடியலையே என்று சொன்னவள், வழக்கமாகத் துப்புகிற தூ தூ சொல்லவில்லை. போதாதா. பள்ளியில் முப்பது வருடம் பாடம் சொன்னவளுக்கு எங்கள் வாசல் அடைபட்டது. கண்ணேறு கழிய உன் அம்மா தொட்டியைச் சுற்றி ஜூனிப்பர் தழைப் புகை போட்டாள். எனக்கு எழுத்துப்பாடம் வேலியோரம் நடந்தது. புருல்சா, ஓஷுர்பாய் அண்ணே, எழுத்தப் பாத்து எழுதுங்க என்று மட்டும் சொல்வாள், நான் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ எழுதி வைத்துப்போன நோட்டை அதுவரை புருல்சாதான் எனக்குப் படித்துக் காட்டுவாள். அந்த வாரம் அவள் அத்-பாஷியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பவளம் சுருங்கியே இருக்கிறது, யாரிடம் கேட்பது. ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். காலையில் தொடங்கினேன், பசு பால் கறக்கச் சொல்லிக் கத்தும்போதுதான் அந்த வரிக்கு வந்தேன். செம்பு, பித்தளை எதுவும் தண்ணீரில் படக் கூடாது, மீன் தாங்கும், இறாலும் பவளமும் தாங்காது. என் வாழ்நாளில் நான் தனியாக, ஒரே மூச்சில் படித்த முதல் வரி அதுதான் ஐஜமால். படித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்றேன், என்ன படித்தேன் என்பது புரிந்ததும் உட்கார்ந்தேன். பிறகு பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பாறைக்குக் கீழே, காந்தம் எட்டாத இடத்தில், மேலே பித்தளை பூசிய ஒரு மஞ்சள் காசு பச்சை பூத்துக் கிடந்தது. அதை என் தொப்பிக்குள் மறைத்தேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன், விஷத்தை உறிஞ்ச நீ விட்டுப்போன கரிப் பையைத் தொங்கவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கையாலேயே ஆனது என்று தெரிந்தால் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் புருல்சா பழி சுமக்கிறாள்.

நேற்றுக் காலை விளக்கைப் போட்டேன். பவளத்தில் ஒரு விரல் வெளியே வந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நான்கு. இன்று எல்லா விரலும் ஆடுகிறது. உன் அம்மா புகை போட்டதால் என்கிறாள். இனி அவளிடம் எப்படிச் சொல்வது என்று நீதான் எனக்கு எழுத வேண்டும்.

மேலே உள்ள வரியோடு நிறுத்தியிருந்தேன், இப்போது மறுபடி எழுதுகிறேன். நீ எழுதி, அது பூசானிலிருந்து வந்து சேர்வதற்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும், அதுவரை புருல்சா வேலிக்கு அந்தப் பக்கமா நிற்பது என்று தோன்றியது. உன் அம்மாவை உட்கார வைத்து இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்ததும், அந்தக் காசு எங்கே என்றாள். தொப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, எழுதப் படிக்க இப்பத்தான் கத்துக்கிட்ட, சரி கிழவனாரே, வாய் பேச அறுபத்தெட்டு வருஷமாத் தெரியுமே, அதுக்கு என்ன கேடு என்றாள். இன்று எண்ணெயில் சுட்ட போர்சோக் அப்பத்தையெல்லாம் துணியில் மூட்டை கட்டினாள், வெண்ணெயும் வைத்தாள், தலைத்துணியை மாற்றிக்கொண்டு வேலியைச் சுற்றிக்கூடப் போகாமல் தாண்டியே புருல்சா வீட்டுக்குப் போனாள், வலிக்கும் அந்த முழங்காலோடு. போய் வெகுநேரம் ஆகிறது. இப்போது இரண்டு பேரும் சிரிக்கிறது இங்கே கேட்கிறது, என்னைப் பற்றித்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆயுள் நீண்டு, போகும் பாதையெல்லாம் உனக்கு வெள்ளையாக, தடையில்லாமல் அமையட்டும் மகளே. கோடையில் வரும்போது இறால் இரண்டாக வாங்கி வா, ஒன்று தனியாக இருந்தால் உன் அம்மாவுக்கு மனசு தாங்காது. உப்பு ஒரு மூட்டை. தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் ஒன்று, ஏனென்றால் இறால் வரும் அன்று மறுபடி விருந்து என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு, தானே எழுதித் தானே படித்தும் காட்டிய உன் அப்பா,
ஓஷுர்பாய்