ரதியின்ரை சிவப்புக் கல்லு வீடு

1997 ஒக்டோபர் 14, செவ்வாய்

என்ரை மனுசன்ரை தங்கச்சி ரதியும் நாங்களும் ஸ்காபரோவிலை பக்கத்துப் பக்கத்திலை புது டவுன்ஹவுஸ் வாங்கிறம். தன்ரை வீட்டுக்குச் சிவப்புக் கல்லு முகப்பை அவள் முந்தித் தெரிவு செய்திட்டாள். எனக்கும் அதுதான் வேணும். ஆனா பக்கத்து வீடுகள் ஒரே மாதிரி இருக்கக்கூடாதாம், அது நகரசபை விதியாம். எங்களுக்கு மட்டும் விலக்குத் தாங்கோ எண்டு இண்டைக்கு விற்பனைக் கந்தோரிலை கெஞ்சிப் பாத்தன். ஏலாது எண்டிட்டினம்.

கூட வந்த ரதி, "அண்ணி, நீங்கள் சிவப்பை எடுங்கோ. எங்களுக்குச் சாம்பல் நிறமும் வடிவுதான்" எண்டு சொல்லி, உடனை மாத்திக் கையெழுத்து வைச்சாள்.

காரிலை வரேக்கை இவர், "அவளுக்குப் பெரிய மனசு" எண்டார்.

நித்திரை வருகுதில்லை. சாம்பல் நிறம் உண்மையிலையே வடிவாத்தான் இருக்கும்போலை.